இடுப்புவலியும் நோயெதிர்ப்பு அணுக்களும்

இடுப்புவலிக்காக மருத்துவமனையை நாடி வருவோருள் பலர் கையில் ஓர் எம்.ஆர்.ஐ. அறிக்கையுடன் வருகின்றனர். ‘வட்டு விலகியுள்ளது’, ‘நரம்பு வேர் அழுத்தப்பட்டுள்ளது’, ‘தேய்மானம் காணப்படுகிறது’ என்பன போன்ற வரிகள் அதில் இருக்கும். அவ்வரிகளைப் படித்த நாள் முதலாக வலியோடு அச்சமும் சேர்ந்துகொள்கிறது. விலகிய வட்டு மீண்டும் சரியாகுமா? அறுவை சிகிச்சை செய்துதான் ஆகவேண்டுமா? இதே போன்ற அறிக்கை வந்த வேறொருவர் இயல்பாக நடமாடும்போது நம்மால் மட்டும் ஏன் எழக்கூட முடியவில்லை?

இக்கேள்விகளுக்கான விடையை நெடுங்காலம் எலும்பிலும் வட்டிலும் மட்டுமே மருத்துவம் தேடியது. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் அத்தேடல் நம் இரத்தத்தில் உலவும் வெள்ளை அணுக்களை நோக்கியும் திரும்பியுள்ளது. கிருமிகளை எதிர்ப்பதற்காகவே அமைந்தவை என்று நாம் எண்ணும் நோயெதிர்ப்பு அணுக்கள், இடுப்புவலி தோன்றுவதிலும், அது தணிவதிலும், சிலருக்கு அது நிலைத்துவிடுவதிலும் பங்கு கொள்கின்றன. இதனை அறிந்துகொண்டால், எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது பொறுக்கவே கூடாது என்னும் முடிவை மருத்துவருடன் சேர்ந்து தெளிவாக எடுக்க இயலும்.

படமும் வலியும் ஒன்றல்ல

கீழ்முதுகு வலி எனப்படும் இடுப்புவலி உலகில் மக்களின் அன்றாட இயக்கத்தை மிகுதியாக முடக்கும் உடற்குறையாகும். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இதனால் வருந்தினர் எனவும், 2050ஆம் ஆண்டில் இவ்வெண்ணிக்கை 84.3 கோடியை எட்டக்கூடும் எனவும் கணிக்கப்பட்டுள்ளது. இவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு, குறிப்பிட்ட ஓர் உறுப்பைச் சுட்டி ‘இதுவே காரணம்’ என்று உறுதியாகக் கூற இயலுவதில்லை.

இவ்விடத்தில் நோயாளிகள் அவசியம் அறியவேண்டிய ஒரு செய்தி உண்டு. முதுகில் எவ்வித வலியும் இல்லாத 3,000க்கும் மேற்பட்டோரின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. அதன்படி, வலியே இல்லாத 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் காணப்பட்டது. வட்டுப் புடைப்பு 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் இருந்தது.

தலை நரைப்பதைப் போலவே வட்டும் வயதுக்கேற்ப மாறுகிறது. ஆகவே படத்தில் தெரியும் மாற்றம் மட்டுமே வலியை விளக்கிவிடாது. அம்மாற்றத்தைச் சுற்றி உடல் என்ன செய்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். அங்குதான் நோயெதிர்ப்பு அணுக்கள் வருகின்றன.

காவலர் நுழையாத அறை

நம் முதுகெலும்பில் 23 வட்டுகள் உள்ளன. பேச்சுவழக்கில் ‘டிஸ்க்’ என்றும் ‘ஜவ்வு’ என்றும் கூறப்படுபவை இவையே. ஒவ்வொரு வட்டும் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்துள்ளது. அதன் வெளிப்புறத்தில் உறுதியான நார் வளையமும், நடுவில் கூழ் போன்ற மையப்பகுதியும் உள்ளன. இளமையில் அம்மையக்கூழின் பெரும்பகுதி நீரே.

அம்மையக்கூழுக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்புத் தகடுகளின் வழியே சத்துப்பொருள்கள் மெல்ல ஊறி உள்ளே சேர்கின்றன. இரத்தம் நுழையாத இடத்தில் இரத்தத்தில் உலவும் காவல் அணுக்களும் நுழைவதில்லை. மேலும், தன்னை நெருங்கும் காவல் அணுக்களை மடியச் செய்யும் ஒரு புரதத்தையும் மையக்கூழின் அணுக்கள் தாங்கி நிற்கின்றன. இதனால், கருவில் உருவான காலம் தொட்டே மையக்கூழ் நோயெதிர்ப்பு அமைப்பின் பார்வைக்கு மறைவாகவே இருந்துவருகிறது. கண்ணின் உட்பகுதியைப் போல, உடலுக்குள்ளேயே இஃது ஒரு தனித்த அறை.

அந்த அறையின் சுவரில் விரிசல் விழும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. நார் வளையம் கிழிந்து மையக்கூழ் வெளியே கசிந்தால், காவல் அணுக்கள் அதனை முதன்முறையாகச் சந்திக்கின்றன. தம் உடலின் பகுதியே ஆயினும், முன்பின் கண்டிராத அப்பொருளை அவை அயலாகவே கருதிச் சூழ்ந்துகொள்கின்றன.

அழுத்தம் மட்டுமே காரணமா?

விலகிய வட்டு நரம்பு வேரை அழுத்துவதால் காலுக்குப் பரவும் வலி உண்டாகிறது என்பதை 1934இல் அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் வெளியிட்டனர். அதன்பின் பல ஆண்டுகள், ‘அழுத்தம் உள்ளது, அதனை அகற்றவேண்டும்’ என்பதே பொதுக் கருத்தாக விளங்கியது.

1993இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இக்கருத்துக்குப் புதியதொரு பக்கத்தைச் சேர்த்தனர். பன்றிகளின் நரம்பு வேரைச் சிறிதும் அழுத்தாமல், அவற்றின் வட்டிலிருந்தே எடுத்த மையக்கூழை நரம்பின் மீது வைத்தனர். அழுத்தம் ஏதும் இல்லாதபோதும் நரம்பின் கடத்தும் திறன் குறைந்தது. மையக்கூழில் உள்ள வேதிப்பொருள்களும், அவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையும் தாமாகவே நரம்பைப் பாதிக்க வல்லவை என்பது இதனால் தெளிவாயிற்று.

இந்த எதிர்வினைக்கு அழற்சி என்று பெயர். விரலில் முள் குத்திய இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, தொட்டாலே வலிப்பதை அனைவரும் அறிவோம். அதே நிகழ்வுதான் நரம்பு வேரைச் சுற்றியும் நடைபெறுகிறது. அங்கு வந்து சேரும் அணுக்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. இவை மேலும் பல அணுக்களை அழைப்பதோடு, நரம்பு முனைகளின் உணர்திறனையும் கூட்டுகின்றன. அதனால்தான் தும்முவதும் இருமுவதும் கூட மின்னல் போன்ற வலியைக் காலுக்கு இறக்குகின்றன. அழுத்தத்தின் அளவு சிறிதாக இருப்பினும் அழற்சி மிகுந்தவருக்கு வலி மிகும். அழுத்தம் பெரிதாக இருப்பினும் அழற்சி அடங்கியவர் ஓரளவு இயல்பாக நடமாடுவார்.

வலி தரும் அணுக்களே துப்புரவும் செய்கின்றன

இவ்வளவு துன்பம் தரும் அணுக்களை உடல் ஏன் அனுப்புகிறது? இதற்கான விடை 1880களில் இல்யா மெக்னிக்கோவ் என்னும் அறிவியலாளர் நட்சத்திர மீனின் இளம் உயிரிகளில் கண்ட காட்சியிலிருந்து தொடங்குகிறது. அவற்றின் உடலில் அவர் செருகிய முள்ளைச் சுற்றி அணுக்கள் திரண்டு, அதனை விழுங்க முயன்றன. இத்தகைய விழுங்கும் அணுக்களைப் பற்றிய ஆய்வுக்காக 1908இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ‘மேக்ரோஃபேஜ்’ என்னும் பெருவிழுங்கு அணுக்கள் நம் உடலின் துப்புரவுப் பணியாளர்கள்.

விலகிய வட்டின் துண்டைச் சூழும் அணுக்களுள் முதன்மையானவை இவையே. இவை நொதிகளைச் சுரந்து அத்துண்டைக் கரைக்கின்றன, சிதைந்த பகுதிகளை விழுங்குகின்றன. துண்டின் ஓரத்தில் புதிய நுண்குழாய்கள் முளைக்க, அவற்றின் வழியே மேலும் பெருவிழுங்கு அணுக்கள் வந்து சேர்கின்றன. சில மாதங்களில் அத்துண்டு சுருங்குவதும், சிலருக்கு முற்றிலும் மறைந்துவிடுவதும் இதனாலேதான்.

இதில் வியப்புக்குரிய ஒன்று உண்டு. வட்டு எவ்வளவு கூடுதலாக வெளியேறியுள்ளதோ, அது கரைந்துபோகும் வாய்ப்பும் அவ்வளவு கூடுதல். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் அறிக்கையின்படி, தானாகக் குறைந்தோரின் விகிதம் பின்வருமாறு:

- துண்டாகப் பிரிந்து வெளியேறிய வட்டு: 96 சதவீதம்
- நார் வளையத்தைக் கிழித்து வெளிவந்த வட்டு: 70 சதவீதம்
- வளையத்துக்குள் இருந்தவாறு பிதுங்கிய வட்டு: 41 சதவீதம்
- பொதுவாகப் புடைத்த வட்டு: 13 சதவீதம்

காரணம் எளிது. முழுவதும் வெளியே வந்த துண்டு காவல் அணுக்களின் கைக்கு எட்டுகிறது. வளையத்துக்குள் ஒடுங்கியிருப்பது எட்டுவதில்லை. ஆகவே, ‘பெரிய அளவில் விலகிவிட்டது’ என்னும் அறிக்கை வரியைக் கண்டவுடனேயே அறுவை சிகிச்சை ஒன்றே வழி என்று முடிவு செய்யவேண்டியதில்லை. கால் பலவீனமோ, சிறுநீர், மலக் கட்டுப்பாட்டில் குறையோ இல்லாத நிலையில், முதல் 6 முதல் 12 வாரங்கள் வரை மருத்துவக் கண்காணிப்பில் காத்திருப்பது பெரும்பாலோருக்கு ஏற்ற வழியாகும். இக்காலத்துக்குள் பலரின் வலி தணியத் தொடங்குகிறது. அதன் பின்னும் தாங்கவியலாத கால்வலி தொடருமாயின், அறுவை சிகிச்சை விரைவான நிவாரணத்தைத் தரவல்ல நல்ல வாய்ப்பாகவே உள்ளது. காத்திருப்பது அறுவையை மறுப்பதாகாது. உடலின் துப்புரவுப் பணிக்குக் காலம் தருவதே அதன் நோக்கம்.

முதல் சில நாட்களின் முக்கியத்துவம்

வட்டு விலகல் இன்றி, பளு தூக்கும்போதோ குனியும்போதோ திடீரெனப் பிடித்துக்கொள்ளும் இடுப்புவலியே மிகப் பலருக்கு வருவது. அவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகின்றனர். ஆனால் ஒரு சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கிறது. ஏன் இவ்வேறுபாடு?

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. திடீர் இடுப்புவலி வந்த 98 பேரின் இரத்தத்தைத் தொடக்கத்திலும் 3 மாதங்களுக்குப் பின்னரும் அவர்கள் ஆராய்ந்தனர். குணமடைந்தவர்களின் நோயெதிர்ப்பு அணுக்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயற்பாடு இக்காலத்தில் மாறியிருந்தது. வலி நீடித்தவர்களிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. குறிப்பாக, காயம்பட்ட இடத்துக்கு முதலில் விரைந்து செல்லும் ‘நியூட்ரோஃபில்’ என்னும் வெள்ளை அணுக்கள் குணமடைந்தவர்களிடம் தொடக்கத்தில் ஊக்கமாகச் செயற்பட்டு, பின்னர் அடங்கியிருந்தன. அழற்சி முறையாக எழுந்து முறையாக அடங்குவதே குணமடைதலின் வழி என்று இம்முடிவு உணர்த்துகிறது.

அதே ஆய்வில், அழற்சியைத் தொடக்கத்திலேயே அடக்கும் டெக்ஸாமெத்தசோன், டைக்ளோஃபெனாக் ஆகிய மருந்துகளைப் பெற்ற எலிகளுக்கு வலி அப்போதைக்குக் குறைந்தாலும், மொத்தத்தில் நெடுநாள் நீடித்தது. மனிதர்களின் மருத்துவப் பதிவுகளிலும், இவ்வகை வலிநிவாரணிகளை உட்கொண்டோருக்கு வலி நீடிக்கும் வாய்ப்புக் கூடுதலாகக் காணப்பட்டது.

இச்செய்தியைச் சரியான பொருளில் எடுத்துக்கொள்வது அவசியம். எலிகளின் முடிவு மனிதருக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. மருத்துவப் பதிவுகளிலோ, கடும் வலி உடையவர்களே மிகுதியாக மாத்திரை உட்கொண்டிருக்கலாம். ஆகவே இம்மருந்துகள் வலியை நாட்படச் செய்கின்றன என்பது மனிதரில் நிறுவப்படவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இதனைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தவேண்டாம்.

அதே வேளையில், மருத்துவச் சீட்டு இன்றி மருந்துக்கடையில் ‘வலிக்கு ஒரு செட் மாத்திரை’ என்று கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்கும் பழக்கத்தைக் கைவிட இஃது இன்னொரு காரணம். அந்த மாத்திரைகளுள் ஸ்டீராய்டு கலந்திருப்பது வாங்குவோருக்குத் தெரியாமல் போகலாம். இரைப்பைப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஏறுதல் ஆகியவை இம்மருந்துகளால் விளையக்கூடியவை என்பதில் ஐயமே இல்லை. வலிநிவாரணி தேவைப்படின் மருத்துவர் கூறும் அளவில், குறைந்த நாட்களுக்கு உட்கொள்வதே முறை.

வலி ஏன் சிலருக்கு நிலைத்துவிடுகிறது?

3 மாதங்களைக் கடந்து நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். இந்நிலையில் தொடக்கத்தில் ஏற்பட்ட காயம் ஆறியிருக்கலாம். எனினும் வலி குறைவதில்லை. ‘எல்லாப் பரிசோதனையும் சரியாகவே உள்ளது, எல்லாம் மனப்பிரமை’ என்று பிறர் கூறும்போது நோயாளியின் துயரம் இருமடங்காகிறது. அவ்வாறு கூறுவது தவறு.

மூளையிலும் தண்டுவடத்திலும் ‘மைக்ரோகிளியா’ என்னும் சிறப்புக் காவல் அணுக்கள் உள்ளன. 1919இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ஒருவர் இவற்றை இனங்கண்டார். நரம்பிலிருந்து வலிச் செய்திகள் இடைவிடாது வந்துகொண்டிருந்தால் இவ்வணுக்கள் விழிப்புற்று, செய்திப் புரதங்களைச் சுரந்து, தண்டுவடத்தின் நரம்பணுக்களை மிகை உணர்வு கொள்ளச் செய்கின்றன. அதன்பின் மெல்லிய தொடுதலும், சாதாரண அசைவும் வலியாகவே உணரப்படுகின்றன. திருடன் சென்றபின்னும் அபாயமணி ஓயாது ஒலிப்பதைப் போன்ற நிலை இது.

இஃது எலிகளில் மட்டும் கண்ட செய்தியன்று. நாட்பட்ட இடுப்புவலி உடையவர்களின் மூளையைச் சிறப்புப் படக்கருவி கொண்டு ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. வலிச் செய்திகள் கடந்து செல்லும் ‘தாலமஸ்’ என்னும் பகுதியில் இத்தகைய அணுக்கள் விழிப்புற்றிருப்பதற்கான அடையாளம் அவர்களிடம் கூடுதலாகத் தென்பட்டது. பங்கேற்றோர் சிலரே என்றாலும், நாட்பட்ட வலிக்கு உடலியல் அடிப்படை உண்டு என்பதை அது படமாகவே காட்டியது.

ஆகவே நாட்பட்ட வலிக்கான சிகிச்சை, முதுகை மட்டும் நோக்கியதாக இருப்பதில்லை. உடற்பயிற்சி, உறக்கம், மனஅழுத்தத்தைக் கையாளும் பயிற்சி ஆகியவற்றை மருத்துவர் வலியுறுத்தினால், ‘என் வலியை நம்பவில்லை’ என்று எண்ணவேண்டாம். மிகை உணர்வு கொண்ட நரம்பு மண்டலத்தை மெல்ல அமைதிப்படுத்தும் வழிகள் அவை.

காவலரே தாக்கும் நோய்

இதுவரை கூறியவற்றில் நோயெதிர்ப்பு அணுக்கள் ஒரு காயத்துக்கு எதிர்வினை ஆற்றின. காயம் ஏதும் இல்லாமலேயே அவை முதுகெலும்பின் மூட்டுகளையும் தசைநார் பற்றும் இடங்களையும் தாக்கும் நோயும் ஒன்று உண்டு. அதுவே முதுகெலும்பு மூட்டழற்சி. இளம் வயதினரையே இது பெரும்பாலும் பற்றுகிறது. எச்.எல்.ஏ.-பி27 என்னும் மரபுக்கூறுடன் இதற்குள்ள தொடர்பு 1973இல் கண்டறியப்பட்டது. ஆயினும் அம்மரபுக்கூறு உடைய அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை.

இவ்வலியின் போக்கு சாதாரண இடுப்புவலிக்கு நேர்மாறானது:

- 45 வயதுக்கு முன், மெல்ல மெல்லத் தொடங்கி, 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும்.
- ஓய்வெடுத்தால் குறையாது, நடமாடினால் குறையும்.
- பின்னிரவில் வலியால் உறக்கம் கலையும்.
- காலையில் எழுந்ததும் முதுகு இறுகியிருக்கும். அவ்விறுக்கம் தளர அரை மணி நேரத்துக்கு மேலாகும்.

கண் சிவந்து வலித்தல், தோலில் சொரியாசிஸ், குடல் அழற்சி ஆகியவையும் சிலருக்கு உடன் வருவதுண்டு. இத்தகைய அறிகுறிகள் உடையவர் மூட்டுநோய் வல்லுநரைக் காண்பது இன்றியமையாதது. காலம் தாழ்த்தினால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து முதுகு வளைய இயலாமல் போகக்கூடும். உடற்பயிற்சியும் அழற்சி அடக்கும் மாத்திரைகளும் முதற்கட்ட சிகிச்சை. அவை போதாதபோது டி.என்.எஃப். புரதத்தையோ இன்டர்லூக்கின்-17 புரதத்தையோ தடுக்கும் ஊசிமருந்துகள் பலருக்கும் நல்ல பயன் தருகின்றன.

அந்த ஊசிகளைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை செய்யப்படுவது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமிகளைப் பெருவிழுங்கு அணுக்கள் சுற்றி வளைத்து அடைத்து வைத்துள்ளன. அந்த முற்றுகையைக் காப்பதில் டி.என்.எஃப். முதன்மையான பங்கு வகிக்கிறது. அதனைத் தடுத்தால் முற்றுகை தளர்ந்து கிருமிகள் வெளிப்படலாம். உலகின் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் உள்ளார் என்பதால், இப்பரிசோதனை நம்மிடையே ஒருபோதும் தவிர்க்கலாகாதது.

அப்படியாயின் அனைவருக்கும் அந்த ஊசி போடலாமே?

இயல்பாக எழும் கேள்வி இது. விலகிய வட்டினால் வரும் கால்வலியிலும் டி.என்.எஃப். பங்கு கொள்கிறது என்றால், அதனைத் தடுப்பது பயன் தரவேண்டும் அல்லவா? பின்லாந்தில் இதனை முறைப்படி சோதித்தனர். ஒரு பிரிவினருக்கு மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லா நீரும் ஏற்றப்பட்டன. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். இதனால் வட்டு விலகலுக்கு அவ்வூசி வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை.

முள்ளெலும்பின் ஓரத்தில் நீர்கோத்த மாற்றம் உள்ளவர்களுக்கு நுண்கிருமிகளே காரணமாக இருக்கலாம் என்னும் கருத்தில் 3 மாதங்கள் ஆண்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த நார்வே ஆய்வும் 2019இல் வெளியானது. குறிப்பிடத்தக்க பயன் ஏதும் காணப்படவில்லை. ஓர் அணு பங்கு கொள்கிறது என்று அறிவதற்கும், அதனை அடக்கி நோயைத் தீர்ப்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உள்ளது. ‘ஒரே ஊசியில் வட்டு சரியாகும்’ என்பன போன்ற விளம்பரங்களைக் காணும்போது இதனை நினைவிற்கொள்க.

நாம் செய்யக்கூடியவை

நோயெதிர்ப்பு அணுக்களுக்கு நாம் கட்டளையிட இயலாது. எனினும் அவை செயற்படும் சூழலை நம்மால் மாற்ற இயலும்.

*நடத்தல்:* இயங்கும் தசைகள் அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கத் தூண்டுகின்றன. இடுப்புவலியிலிருந்து மீண்ட 701 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. நடைப்பயிற்சியும் அதற்கான வழிகாட்டுதலும் பெற்றோரில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாட்கள் ஆயின. பெறாதோரில் பாதிப் பேருக்கு 112 நாட்களிலேயே வலி திரும்பியது. வாரத்தில் 5 நாட்கள், நாளொன்றுக்கு 30 நிமிடங்கள் என்பதை இலக்காகக் கொண்டு, இயன்ற அளவிலிருந்து படிப்படியாகக் கூட்டுக.

*படுக்கை ஓய்வைக் குறைத்தல்:* வலி கடுமையாக உள்ள ஓரிரு நாட்கள் ஓய்வெடுப்பதில் தவறில்லை. அதற்குமேல் படுத்தே இருப்பது தசைகளை நலிவடையச் செய்து மீட்சியைத் தாமதப்படுத்தும்.

*உறக்கம்:* உறக்கம் குறையும்போது இரத்தத்தில் அழற்சிப் பொருள்கள் கூடுகின்றன, வலியைத் தாங்கும் ஆற்றல் குறைகிறது. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக்கொள்வது பலருக்கு இதம் தரும்.

*உடல் எடை:* வயிற்றுக் கொழுப்பில் தங்கும் பெருவிழுங்கு அணுக்கள் அழற்சிப் பொருள்களை ஓயாது சுரக்கின்றன. எடையைச் சிறிது குறைப்பதும் முதுகின் சுமையோடு இதனையும் குறைக்கும்.

*புகையிலை:* முன்னரே கூறியபடி, வட்டு அருகிலுள்ள நுண்குழாய்களிலிருந்து ஊறிவரும் சத்தை நம்பியே வாழ்கிறது. புகைப்பழக்கம் அக்குழாய்களைச் சுருக்கி அந்த வரத்தையும் குறைக்கிறது.

குடும்பத்தினருக்கு

வலியால் வருந்துபவரை அன்பின் மிகுதியால் ‘எதையும் செய்யாதே, படுத்திரு’ என்று கூறுவது இயல்பு. ஆனால் அவ்வன்பு சில வேளைகளில் மீட்சிக்குத் தடையாகிறது. அவரோடு சேர்ந்து தெருமுனை வரை நடந்து செல்வதே சிறந்த உதவி. அவரது வலி வெளியே தெரியவில்லை என்பதனால் அது பொய்யாகிவிடாது. ‘இன்று வலி எவ்வளவு?’ என்று மீண்டும் மீண்டும் வினவுவதைக் காட்டிலும், ‘இன்று என்ன செய்ய முடிந்தது?’ என்று கேட்பது அவரது கவனத்தை வலியிலிருந்து முன்னேற்றத்தை நோக்கித் திருப்பும். உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, மருத்துவரைக் காணும்போது மறவாமல் உடன் கொண்டுவருக.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டியவை

பொறுத்திருத்தல் பெரும்பாலோருக்கு ஏற்றது என்றாலும், பின்வரும் நிலைகளில் பொறுத்திருத்தல் கேடு தரும்.

- சிறுநீர் கழிக்க இயலாமை, சிறுநீர் அல்லது மலம் தன்னையறியாமல் வெளியேறுதல், தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல்: இஃது அவசர நிலை. மறுநாள் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருக. தாமதித்தால் பாதிப்பு நிலையானதாகிவிடலாம்.
- கால் அல்லது பாதம் வலுவிழத்தல், நடக்கும்போது பாதம் தரையில் உரசுதல்.
- காய்ச்சல், மாலைநேரச் சூடு, இரவு வியர்வை, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றுடன் முதுகுவலி: முதுகெலும்புக் காசநோயோ வேறு தொற்றோ இருக்கலாம். எலும்புக் காசநோயில் ஏறத்தாழ பாதி முதுகெலும்பையே தாக்குகிறது. காலத்தே கண்டறிந்தால் மருந்துகளால் குணப்படுத்தக்கூடியது. அம்மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.
- முன்னர் புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி.
- விழுந்த பின்னர் வரும் கடும் வலி. முதியோருக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கும் சிறு தடுமாற்றமே எலும்பு முறிவை உண்டாக்கலாம்.

இவற்றுள் எதுவும் இல்லாதவர்கள் தம் அறிக்கையில் உள்ள சொற்களைக் கண்டு மனம் தளரவேண்டியதில்லை. நீங்கள் வலியில் வருந்தும் அதே நாட்களில், உங்கள் உடலின் காவல் அணுக்கள் அந்த வலியின் காரணத்தையே கரைத்து அகற்றும் பணியில் ஈடுபட்டிருக்கக் கூடும். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, ‘என் அறிக்கையில் என்ன உள்ளது?’ என்பதோடு, ‘என் வலி எந்த வகையைச் சேர்ந்தது? எத்தனை வாரம் காத்திருக்கலாம்? எந்த அறிகுறி தோன்றினால் உடனே வரவேண்டும்?’ என்னும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.